நாடக முகாமுக்கு முன் நாலு வாரம்: மொரிசியஸில் பிள்ளையைத் தயார் செய்வது எப்படி

ஜூலையில் இரண்டாம் தவணை முடியப் போகிறது என்றாலே, கோவில் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் தாய்மார் என்னைச் சுற்றிக்கொள்வார்கள். கேட்பது நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மிஸ், நாடக முகாமுக்குப் பேர் கொடுத்திருக்கிறோம். எதை மனப்பாடம் பண்ணிவிட்டு வரவேண்டும்?"

மனப்பாடம் எதுவும் வேண்டாம். இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள், அதனால்தான் முழுசாக எழுதி வைக்கிறேன். முதல் தடவை பிள்ளையை நாடக வகுப்புக்கோ பகல் முகாமுக்கோ அனுப்புகிற பெற்றோருக்கும், கோவிலிலோ சங்கத்திலோ இந்த வருடம்தான் பிள்ளைகளைத் தயார் செய்யும் பொறுப்பை ஏற்றிருக்கிற இளம் ஆசிரியர்களுக்கும் இது.

நான் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் நானே தவறாகச் செய்தேன். பத்து வயதுப் பையன் ஒருவனிடம் ஒரு பக்க வசனத்தை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்து, "வீட்டில் பாடம் பண்ணிக்கொண்டு வா" என்றேன். பண்ணிக்கொண்டு வந்தான். ஒரு சொல் விடவில்லை. மேடையில் நின்று சொன்னபோது அவன் பாட்டிக்குக்கூட ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் பாதியில் தேய்ந்து, கடைசிச் சொல் அவன் சட்டைக்குள்ளேயே விழுந்தது. அடுத்த வருடம் அவன் வரவில்லை. அவனுக்கு நினைவாற்றல் குறைவா? கூச்சமா? இரண்டும் இல்லை. மூச்சும் காதும் தயாராவதற்கு முன்னால் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து என் வரிசை மாறிவிட்டது: காது, மூச்சு, நாக்கு, உடம்பு. காகிதம் கடைசி.

எந்த முகாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

ஏப்ரலில் ஒரு சின்ன விடுமுறை, ஜூலை-ஆகஸ்டில் குளிர்கால விடுமுறை, நவம்பரிலிருந்து ஜனவரி வரை பெரிய விடுமுறை. முகாம்கள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான். பெரிய விடுமுறை புயல் பருவத்தில் வருவதால் ஒரு நாள் இரண்டு நாள் ரத்தாகலாம். அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது குளிர்கால முகாம்.

பேர் கொடுக்கும் முன் கேட்கவேண்டியவை: சொல்லிக்கொடுப்பது எந்த மொழியில்? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்? கடைசி நாளில் மேடை நிகழ்ச்சி உண்டா? இது பழகும் முகாமா, தேசிய நாடக விழாவின் தமிழ்ப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் ஒத்திகையா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். போட்டிக்கான ஒத்திகையில் முதல் தடவை போகிற எட்டு வயதுப் பிள்ளை நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, தயங்காமல் கேளுங்கள்: பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்கள் எல்லாரிடமும் நன்னடத்தைச் சான்றிதழ் இருக்கிறதா, அதாவது நாம் சர்ட்டிபிகேட் ஆஃப் கேரக்டர் என்று சொல்வது? உடை மாற்றும் இடத்தில் யார் நிற்பார்கள்? படம் எடுத்தால் எங்கே போடுவார்கள்? 2020ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரும் சிறுவர்தான். பதினாறு வயது மகளுக்கும் இதே கேள்விகளைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடத்துக்கு அனுப்பவேண்டாம்.

முதல் வாரம்: காது

"எங்கள் பிள்ளைக்குத் தமிழே வராது மிஸ்." வகுப்பில் நான் அதிகம் கேட்கிற வாக்கியம் இது. வரும். வந்துகொண்டேதான் இருக்கிறது. கால் இடித்துக்கொண்டால் "ஆயோ!" என்கிறது பிள்ளை, அது நம் ஐயோ. தட்டில் இருக்கும் பிரேத் முரூம் முருங்கைக்கீரை. ராசோன் ரசம். சந்தையில் வாங்கும் பிப்பாங்காய் பீர்க்கங்காய். இந்தச் சொற்களை வாரத்தின் முதல் நாள் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுங்கள். நான் ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பை "ஆயோ"வில்தான் தொடங்குகிறேன். பயந்து ஒரு ஆயோ, கோபத்தில் ஒரு ஆயோ, பாட்டியைப் போல ஒரு ஆயோ, கிரிக்கெட்டில் அவுட்டானவனைப் போல ஒரு ஆயோ. பத்து நிமிஷத்தில் எல்லாப் பிள்ளைகளும் தமிழில் நடித்து முடித்திருப்பார்கள், அது தமிழ் என்று தெரியாமலே.

அடுத்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுங்கள். நம் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது, தமிழ் எண்களும் இருக்கின்றன. "இதில் உன் எழுத்து எது, கண்டுபிடி" என்று சொல்லுங்கள். எழுத்துப் பழகாத பிள்ளைகூட இதை மறக்காது.

மற்றபடி இந்த வாரம் முழுவதும் கேட்டால் போதும். தினமும் பதினைந்து நிமிஷம் வானொலியின் தமிழ் நிகழ்ச்சியோ, பாட்டியின் பேச்சோ, தமிழ் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் கதையோ. பொருள் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். "இப்போது பேசியவர் கோபமாக இருந்தாரா, கெஞ்சினாரா?" என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டாம் வாரம்: மூச்சு

இந்த வாரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கோ நாலு வாரத்தில் இதுதான் உயிர்.

காரணம் சொல்கிறேன். "நான் போகமாட்டேன்" என்பதற்குக் கிரியோலில் "மோ பா பு ஆலே" என்கிறோம். "பா" என்று இரண்டாவது சொல்லிலேயே மறுப்பு வந்துவிட்டது. மிச்சத்தை விழுங்கினாலும் கேட்பவருக்கு விஷயம் தெரிந்துவிடும். தமிழில் "நான் நாளைக்குக் கோவிலுக்குப் போக மாட்டேன்" என்று சொல்லும்போது, கடைசிச் சொல் வரும்வரை போகிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தமிழ் வாக்கியம் தன் முடிவை வாலில் வைத்துக்கொண்டிருக்கிறது. நம் பிள்ளைகள் கிரியோல் பழக்கத்தில் முதல் சொல்லைப் பலமாகத் தொடங்கி, நடுவில் மூச்சு தீர்ந்து, வாலை விழுங்கிவிடுகிறார்கள். மேடையில் தமிழ் புரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று இத்தனை வருட ஒத்திகையில் கண்டுகொண்டேன்.

பயிற்சி எளிது. பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றின் மேல் ஒரு புத்தகத்தை வையுங்கள். மூச்சு இழுத்தால் புத்தகம் ஏறவேண்டும், விட்டால் இறங்கவேண்டும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கினால், "புத்தகத்தைத் தூக்கு" என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். இரண்டு நாள் கழித்து "ஸ்ஸ்ஸ்" என்று சீராக மூச்சை விடச் சொல்லிக் கைவிரலால் எண்ணுங்கள். முதல் நாள் எட்டு எண்ணினால் நல்லது. வாரக் கடைசியில் பதினைந்து வந்தால் மிக நல்லது. தலை சுற்றினால் உடனே நிறுத்தி உட்காரவையுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு எண்ணிக்கைப் போட்டியே வேண்டாம், புத்தகம் மட்டும் போதும்.

பிறகு வால் விளையாட்டு. நீங்கள் "நான் பலாப்பழம்..." என்று தொடங்கி நிறுத்துங்கள். பிள்ளை எதிர்ச்சுவரைப் பார்த்து வாலை மட்டும் சொல்லவேண்டும்: சாப்பிட்டேன், சாப்பிடல, சாப்பிட மாட்டேன், திருடினேன். சுவரின் பக்கத்தில் தாத்தா உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. அவருக்குக் கேட்டால் வெற்றி. கத்தக்கூடாது. கத்தினால் தொண்டையில் ஒரு சுரண்டல் வரும், அது வந்தவுடன் நிறுத்திவிட்டு மறுபடி புத்தகத்துக்குப் போங்கள்.

ஒரு வாரம் இதைச் செய்த பிள்ளையை முகாமின் முதல் நாளிலேயே அடையாளம் கண்டுவிடுவேன். சொல் குறைவாகத் தெரிந்திருக்கும், ஆனால் தெரிந்த சொல் கடைசி வரிசைவரை போகும்.

மூன்றாம் வாரம்: நாக்கும் உடம்பும்

மூன்று எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ல: நுனிநாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். ள: நுனி பின்னால் மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழ: அதே மடிப்பு, ஆனால் எங்கும் தொடாது. இதைக் கண்ணாடி முன் வாயைத் திறந்து காட்டவேண்டும், விளக்கிப் பயனில்லை. "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்" என்பதை முதலில் மெதுவாக, ஆமை வேகத்தில். வேகமாகச் சொல்லும் போட்டி நாலு நாள் கழித்துத்தான்.

அடுத்து ர. கிரியோலில் சொல்லின் கடைசியில் வரும் ர கரைந்துவிடும், உயிர் கொஞ்சம் நீளும். அதே பழக்கத்தில் பிள்ளை "அவர் வந்தார்" என்று சொன்னால் வெளியே வருவது "அவ வந்தா". அப்பா வந்த காட்சி அம்மா வந்த காட்சியாகிவிடுகிறது! இதற்கு மருந்து பேச்சுத்தமிழிலேயே இருக்கிறது: "அவரு வந்தாரு." பின்னால் ஒரு உகரம் நின்றதும் ர உயிர்பிழைத்துக்கொள்கிறது. அதேபோல "நான்" என்பதைப் பேச்சில் மூக்கால் முடிக்கிறோம் அல்லவா, அந்த மூக்கொலி நம் பிள்ளைகளுக்குக் கிரியோலிலிருந்தே கைவந்தது. ஆகவே ஆசிரியர்களே, வரலாற்று நாடகம் அல்லாத எதற்கும் வசனத்தைப் பேச்சுத்தமிழில் எழுதுங்கள். "செந்தமிழில் எழுதினால்தான் மரியாதை" என்று சங்கப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. புரிந்து பேசும் ஒரு வரி, புரியாமல் ஒப்பிக்கும் ஒரு பக்கத்தைவிட மேல்.

உடம்புக்கு வருவோம். மனதில் எழுந்து உடம்பில் தெரியும் உணர்ச்சியை மெய்ப்பாடு என்பார்கள். தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல், மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). இதை எட்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கிப்போட்டு, பிள்ளை எடுத்ததைச் சொல்லாமல் நின்று காட்ட, வீட்டில் மற்றவர்கள் கண்டுபிடிக்கவேண்டும். அச்சமும் வெகுளியும் எல்லாருக்கும் எளிது. இளிவரலில்தான் தடுமாறுவார்கள், தன்னையோ பிறரையோ இழிவாக உணரும் அந்தக் கூசல். "எல்லார் முன்னாலும் வாத்தியார் உன்னை மட்டும் எழுப்பிக் கேட்டபோது எப்படி இருந்தது?" என்று கேட்டால் முகம் தானாக மாறும். பெருமிதத்துக்கு, தைப்பூசத்தில் காவடியோடு படியேறி வந்து நிற்பவரின் முதுகை நினைக்கச் சொல்வேன். பார்க்காத பிள்ளை இந்தத் தீவில் அரிது. முகத்தைச் சுளிக்கும் பிள்ளையிடம், "முகத்தை மூடிக்கொண்டு தோளால் காட்டு" என்று சொல்லுங்கள். தொலைக்காட்சியில் பார்த்ததை அப்படியே செய்யும் பழக்கம் இதில் கழன்றுவிடும்.

நாலாம் வாரம்: இடமும் காகிதமும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மேடைக்கு அளவு இருக்கிறது. 24 விரல் ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். வளர்ந்தவர் விரலால் அளந்தால் ஒரு கோல் அரை மீட்டருக்குச் சற்றுக் குறையும். அகலம் மூன்றரை மீட்டருக்குள், நீளம் நாலு மீட்டருக்குள். வீட்டுக் கராஜிலோ முற்றத்திலோ சாக்பீஸால் பிள்ளையே அளந்து கோடு போடட்டும். அந்தக் கட்டத்துக்குள் நடக்க, திரும்ப, மூன்று பேர் இடிக்காமல் கடக்கப் பழகட்டும். மேடையில் வலது, இடது என்றால் பார்ப்பவரை நோக்கி நிற்கும் நடிகரின் வலது, இடது. இதை முன்பே தெரிந்துகொண்டு வரும் பிள்ளை முதல் நாள் குழப்பத்திலிருந்து தப்பிக்கும்.

இப்போதுதான் காகிதம். ஆறு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ் எழுத்துத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்திலேயே கொடுங்கள், எவ்வளவு மெதுவாகப் படித்தாலும் சரி. ஆங்கில எழுத்தில் எழுதினால் ன, ண, ந மூன்றும் ஒரே எழுத்து, ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்து. ஒரு வாரம் பழக்கிய நாக்கை ஒரு நாளில் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடும். எழுத்தே தெரியாத பிள்ளைக்கு உங்கள் குரலைப் போனில் பதிவு செய்து கொடுங்கள். இரண்டு வேகத்தில், உணர்ச்சி சேர்க்காமல். உணர்ச்சியோடு பதிவு செய்தால் பிள்ளை உங்களை நகல் எடுக்கும், பாத்திரத்தைத் தேடாது.

ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கூத்தில் கட்டியங்காரன் வருகிறான் அல்லவா, அவனை நம் மேடைக்கும் கூப்பிடுங்கள். கதையைக் கிரியோலில் சொல்லிக்கொண்டே, இடையிடையே தமிழ் வசனத்தைப் பிடுங்கிச் சபைக்கு எடுத்துக்காட்டுகிற பாத்திரம். சபையில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியாது, அவர்களையும் அவன் கைப்பிடித்துக் கூட்டிப்போவான். தமிழ் தடுமாறும் ஆனால் துடுக்கான பிள்ளைக்கு அந்த வேடம் அளவெடுத்துத் தைத்த சட்டை.

கூச்சப்படும் பிள்ளை

தள்ளாதீர்கள். "போ, போ, மாமாவுக்கு நடித்துக் காட்டு" என்று விருந்தாளி முன் நிறுத்துவது எல்லாவற்றையும்விடக் கெடுதல். முகாமுக்கு முன் ஒரு தடவை கூடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், கழிப்பறை எங்கே என்பது உட்பட. ஆசிரியரிடம் முன்கூட்டியே, "முதல் நாள் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் அந்தப் பிள்ளைக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலையோ, மணி அடிக்கும் வேலையோ, படுதா இழுக்கும் வேலையோ கொடுப்பார். வசனம் எடுத்துக்கொடுக்கிற பிள்ளைதான் முழு நாடகத்தையும் காதால் கற்றுக்கொள்ளும். மூன்றாம் நாள் யாராவது காய்ச்சலில் படுத்தால் அந்த இடத்தில் போய் நின்றுவிடும். இதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

பையில் என்ன

மேட்டு ஊரான க்யூர்பிப் சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலையில் கடலோரத்துப் போர்ட் லூயிஸில் அரைக்கைச் சட்டை போதும், க்யூர்பிப் போனால் மழையும் குளிரும். முகாம் மேட்டில் என்றால் ஸ்வெட்டரும் மாற்றுச் சட்டையும் கட்டாயம். மற்றபடி தளர்வான பருத்திக் கால்சட்டை, கட்டிய முடி, காதில் தொங்கட்டான் இல்லை, கையில் வளையல் இல்லை. கோவில் கூடத்து டைல்ஸில் காலுறை வழுக்கும், வெறுங்கால்தான் பாதுகாப்பு. சவாத்தை, அதாவது ரப்பர் செருப்பை, வாசலில் விடலாம், அதில் பேர் எழுதியிருக்கட்டும்.

சாப்பாட்டில் ஒரே விதி: டப்பாவில் வருவது சைவமாக இருக்கட்டும், முட்டையும் வேண்டாம். விரதம் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காருவார்கள், பகிர்ந்து சாப்பிடுவதுதான் முகாமின் சுகம். தால்பூரி இரண்டுக்கு மேல் வேண்டாம், நிறைந்த வயிற்றோடு மூச்சுப் பயிற்சி வராது. தண்ணீர் ஒரு லிட்டர்.

ஒரு சீட்டில் பிள்ளையின் பெயர், இரண்டு பெரியவர்களின் தொலைபேசி எண், ஒவ்வாமை, மருந்து. ஆஸ்துமா பம்ப் பையின் வெளிப்பக்கத்தில் இருக்கவேண்டும், ஆசிரியருக்குக் காட்டியும் வைக்கவேண்டும். ஆசிரியர்கள் அவசர ஆம்புலன்ஸ் சேவையான சாமுவின் 114 என்ற எண்ணைக் கூடத்துச் சுவரில் பெரிதாக ஒட்டுங்கள். விடுமுறை நாளில் மாணவர் பஸ் அட்டையை மட்டும் நம்பி அனுப்பாமல் கையில் சில்லறையும் கொடுத்துவிடுங்கள். குளிர்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், யார் வந்து கூட்டிப்போவார்கள் என்பது அந்தச் சீட்டிலேயே இருக்கட்டும்.

முதல் நாள் மாலை

வாசலில் பார்த்தவுடன் "உனக்கு என்ன வேஷம் கொடுத்தார்கள்?" என்று கேட்காதீர்கள். மரமாக நிற்கச் சொல்லப்பட்ட பிள்ளை அந்தக் கேள்வியில் சுருங்கிப்போகும். "இன்றைக்கு யாரோடு சேர்ந்து செய்தாய்? அதில் ஒன்றைச் செய்து காட்டு" என்று கேளுங்கள். செய்து காட்டும்போது திருத்தாதீர்கள், உச்சரிப்பு தவறினாலும்.

குரல் கம்மியிருந்தால் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கவைத்து, அன்று இரவு பாட்டுக்கும் கத்தலுக்கும் விடுமுறை கொடுங்கள். காலையிலும் கம்மியிருந்தால் முகாமுக்கு அனுப்பலாம், ஆசிரியரிடம் சொல்லி அனுப்புங்கள். அன்றைக்கு அவன் வசனம் பேசமாட்டான், எடுத்துக்கொடுப்பவன் பக்கத்தில் காகிதத்தோடு உட்கார்ந்துகொள்வான்.